தக்காளிச் சாலில் படித்த இங்கிலீஷ்

இந்த வாரம் எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். அப்போது என் இடுப்பில் இருந்த சின்ன மகனுக்கு இப்போது காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. அவ்வளவு காலம்.

போன வாரம் எங்கள் ஊர்க் கிணறு தூர்வாரிய கதையை எழுதினேன். அது சுலபமாக வந்தது. இது வரவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பொய் சொன்ன இடத்தையும் மறைக்காமல் எழுதுவது என்று ஆண்டவர் முன்னால் முடிவு செய்த பிறகுதான் பேனா ஓடுகிறது.

தர்மபுரியில் ஒரு பள்ளிக்கூடம். ஐப்பசி மழை பிடித்திருந்தது. ஜன்னலோரம் இருந்த பெஞ்சில் சாரல் அடித்து, விடைத்தாளின் ஓரம் நமுத்துப் போயிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் இரண்டாம் தாள். அந்த அறையில் இருந்த பிள்ளைகளில் பலர் என்னை அக்கா என்று கூப்பிடக்கூட யோசிக்கும் வயசு. எனக்கு முப்பது நெருங்கிவிட்டது, இரண்டு பிள்ளைகள்.

மேற்பார்வைக்கு வந்த சார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, யார்கூட பேசறீங்க?"

"யாருகூடவும் இல்லீங்க சார்."

"அப்புறம் வாய் ஏன் அசையுது?"

என் இடது கையில் ஜெபமாலை இருந்தது. தைரியத்துக்கு வைத்திருந்தேன். அவர் பார்வை அதன் மேல் விழுந்தது. என் வாயிலிருந்து தானாக வந்தது:

"ஜெபம் சொல்றேனுங்க சார்."

அது பொய். நான் அப்போது ஜெபம் சொல்லவில்லை.

கடைசி வாய்ப்பு

நான் பள்ளிக்கூடத்தில் மோசமான மாணவி இல்லை. கணக்கு வரும், வரலாறு வரும், தமிழ் நன்றாகவே வரும். இங்கிலீஷ் ஒன்றில்தான் விழுந்தேன். முதல் தடவை இருபத்தொன்று. அடுத்த தடவை இருபத்தேழு. அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. பாலக்கோட்டுக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். கூலிக்குத் தக்காளி பறிக்கப் போனேன்.

அப்படி இருக்கையில் ஊருக்குப் பால்வாடி வந்தது. டீச்சர் வேலைக்கு உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் நல்லது, ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும் என்றார்கள். ஊரில் என்னைவிடப் படித்த பெண் இல்லை. நானோ தேறாதவள். தை மாதம் ஆள் எடுப்பதாகப் பேச்சு. அதற்கு முன்னால் இருந்தது ஐப்பசிப் பரீட்சை ஒன்றுதான். அதை விட்டால் வேலைக்கான வயது வரம்பும் எனக்குத் தாண்டிவிடும்.

வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். அவரிடம் கேட்டேன்.

"எழுது. பெயிலானா கூலிக்குப் போவ. இப்ப மட்டும் எங்க போற?" என்றார்.

அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது. பணம் கட்டிவிட்டேன். இந்தத் தடவை விழுவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

தனியே நடக்கும் வால்

பாப்பாரப்பட்டிச் சந்தையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒரு கைடு வாங்கினேன். அதில் என்னை இரண்டு முறையும் கவிழ்த்த பகுதி நாலு பக்கத்துக்கு இருந்தது. பிரிபொசிஷன். எந்த வினைச் சொல்லோடு, எந்தப் பெயர்ச் சொல்லோடு, எந்தச் சின்னச் சொல் சேரும் என்ற பட்டியல். டிபெண்ட் என்றால் ஆன். அஃப்ரெய்டு என்றால் ஆஃப். பிலீவ் என்றால் இன். ரீசன் என்றால் ஃபார்.

தமிழில் நாய்க்குப் பயந்தேன் என்றாலும் சரி, நாயைக் கண்டு பயந்தேன் என்றாலும் சரி, நாயிடம் பயம் என்றாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள். இங்கிலீஷில் அப்படியில்லை. ஒன்றுக்கு ஒன்றுதான். மாற்றினால் மார்க் இல்லை. ஏன் இது, ஏன் அது இல்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றார்கள். மனப்பாடம் பண்ணினால் காலையில் ஏறியது மத்தியானம் இறங்கிவிடும்.

தோட்டத்தில் நாங்கள் ஐந்து பேர் பறிப்போம். எங்களில் மூத்தவர் மாதம்மாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். மாதக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இன்னொருத்தி ரத்தினா. அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். மற்ற இரண்டு பேரும் பக்கத்துத் தெருக்காரர்கள்.

ஒருநாள் சோற்று நேரத்தில் கைடை மடியில் விரித்திருந்தேன்.

"என்னடி மேரி, சோத்த வெச்சுக்கிட்டு ஏட்டப் பாத்துக்கிட்டிருக்க?" என்றார் மாதக்கா.

"இங்கிலீஷுக்கா. இந்தச் சின்ன வார்த்தைங்க எது எதோட சேரும்னு தெரியணும். நாம வூட்டுலன்னு சொல்றோம் இல்ல, அந்த 'ல' வூட்டோடவே ஒட்டிக்கிட்டு வருது. இங்கிலீஷுல அது ஒட்டாது. தனியா நிக்கும்."

ரத்தினா சிரித்தாள். "எங்க கன்னடத்துலயும் ஒட்டித்தான் வரும். மனேலின்னு சொல்லுவோம். இங்கிலீசுக்காரன் மட்டும் வால அறுத்துத் தனியா நடக்க வுட்டுட்டானா?"

மாதக்கா சிரிக்கவில்லை. மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே யோசித்தார்.

"அது வாலு இல்லடி. சம்பந்தம். எந்த வூட்டுக்கு எந்த வூட்டுப் பொண்ணுன்னு முன்னயே பேசி முடிச்சுட்டாங்க. நீ இப்பப் போயி ஏன்னு கேட்டா யாரு சொல்லுவா? டிபண்டுக்கு ஆன்னைக் கட்டி வெச்சாச்சு. அவ்வளவுதான். அடுத்தது என்ன?"

எத்தனையோ பேரிடம் கேட்டுக் கிடைக்காத பதில் அது. எனக்குச் சட்டென்று மூச்சு விட முடிந்தது போல இருந்தது.

லுக் என்ற சொல் வந்தபோதுதான் வம்பு. அதற்கு ஆஃப்டர் உண்டு, ஃபார் உண்டு, அட் உண்டு, இன்டு உண்டு என்று வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம்.

"ஒருத்தனுக்கு நாலு பொண்டாட்டியா?" என்றார் மாதக்கா.

"நம்ம மேஸ்திரி மாதிரின்னு சொல்லு" என்றாள் ரத்தினா.

வரப்பில் நின்ற மேஸ்திரி திரும்பினார். "என்ன அங்க சிரிப்பு?"

"உங்களப் பத்தித்தானுங்க. நல்லதாத்தான் பேசறோம்."

சாலுக்கு ஒரு சொல்

தக்காளிச் செடி வரிசையை எங்கள் பக்கம் சால் என்போம். சாலுக்கு ஒரு சின்னச் சொல் என்று வைத்துக்கொண்டது மாதக்காவின் ஏற்பாடு. கிணற்று மேட்டிலிருந்து முதல் சால் ஆஃப். அடுத்தது இன். அதற்கடுத்தது ஃபார். அந்தச் சாலில் பறிக்கிற வரைக்கும் அந்தச் சொல்லோடு சேரும் சொற்கள் மட்டும்தான்.

சொல்லும் விதம் மட்டும் என்னுடையது. நாங்கள் கத்தோலிக்கர். தேவமாதாவின் மன்றாட்டு மாலையில் ஒருவர் மாதாவின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் எல்லாரும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். ஐம்பது பெயர் சொன்னாலும் பதில் ஒன்றுதான். அதே ராகத்தில் நான் "அஃப்ரெய்டு" என்பேன். நாலு பேரும் "ஆஃப்" என்பார்கள். "ப்ரவுடு." "ஆஃப்." "ஃபாண்ட்." "ஆஃப்."

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் பிறந்த ஊர்க் கோயிலில் பூசை லத்தீனில் நடக்கும். ஏர் ஓட்டிவிட்டுக் காலில் சேற்றோடு வந்தவர்கள் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல், ஒரு எழுத்து பிசகாமல் பதில் சொல்வார்கள். அதனால் எழுத்தறியாத பெண்கள் இங்கிலீஷில் பதில் சொன்னது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

ஆனால் மாதக்கா அர்த்தம் கேட்காமல் சொல்லமாட்டார்.

"டயர்டு ஆஃபுன்னா?"

"சலிச்சுப் போறதுக்கா."

"எதுல?"

"எதுலன்னாலும். வேலையில, ஆளுங்கள்ல."

"அப்ப அது என்னுது. அத வேற யாரும் சொல்லக் கூடாது."

நான் தடுமாறினால் பிடிப்பதும் அவர்தான். மேரீடு என்ற சொல்லுக்கு ஒருநாள் வித் என்று சொல்லிவிட்டேன். தமிழில் இன்னாரோடு கல்யாணம் என்றுதானே சொல்கிறோம்.

"நில்லு. அது டு. நேத்து வேப்பமரத்துச் சாலுல சொன்னோம். கட்டிக்கிட்டா டு. வித்துன்னா சும்மா கூடப் போறது."

மூன்று மாதம் இப்படி நடந்தது. தக்காளிச் செடியின் பச்சைப் பிசின் கையில் ஏறிக் கறுத்துவிடும். கழுவினால் தண்ணீர் மஞ்சளாக ஓடும். கைடில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் என் விரல் பச்சையாகப் பதிந்திருந்தது. பக்கத்தை முகர்ந்தால் செடியின் காரமான வாசனை வரும்.

எங்கள் கோயிலில் ஞானபாடம் சொல்லித்தரும் உபதேசியார் ஒருநாள் சைக்கிளில் போனவர் ராகத்தைக் கேட்டு இறங்கிவிட்டார்.

"அருள்மேரி, மன்றாட்டு மாலைய வெச்சு என்ன கூத்து இது? பாவம்னு தெரியாது உனக்கு?"

நான் சாமிக்குப் பயந்தவள். அன்று சாயங்காலம் கோயிலில் முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, ராகம் உம்முடையது. என் பிள்ளைகளும் உம்முடையவர்கள். இது தப்பென்றால் நீரே என்னைத் தடுத்துவிடும். நானாக நிறுத்தப்போவதில்லை" என்று சொன்னேன். ஆண்டவர் தடுக்கவில்லை. மறுநாள் முந்தைய நாளைவிடச் சத்தமாகச் சொன்னோம்.

பரீட்சை அறையில்

தோட்டத்தில் சால் சாலாக வந்த சொற்கள் கேள்வித்தாளில் கலைந்து கிடந்தன. ஒவ்வொரு கோடிட்ட இடத்துக்கும் நான் மனதுக்குள் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. இந்தச் சொல்லை எந்தச் சாலில் சொன்னோம்? கிணற்று மேட்டிலா, வேப்பமரத்துப் பக்கமா? சாலின் தலைப்பிலிருந்து ராகத்தோடு தொடங்கினால்தான் அந்தச் சொல் வந்து சேரும். வாய் அசையாமல் ராகம் வரவில்லை. அதைத்தான் சார் பார்த்துவிட்டார்.

பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். யாருக்கோ விடை சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைத்து வெளியே அனுப்பிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் ஜெபம் என்றேன்.

அவர் ஜெபமாலையை வாங்கிச் சிலுவையைத் திருப்பிப் பார்த்தார். துண்டுச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருப்பார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"மனசுக்குள்ள சொல்லிக்கங்க" என்று நகர்ந்தார்.

எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உபதேசியாரின் தம்பி மகள் சகாயம் உட்கார்ந்திருந்தாள். அவளும் எழுத வந்திருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

வளர்ந்த கதை

நாற்பத்து மூன்று மார்க். தேறிவிட்டேன். தை மாதம் பால்வாடி வேலையும் கிடைத்தது. ரிசல்ட் வந்த அன்று முதலில் தோட்டத்துக்குத்தான் ஓடினேன். மாதக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நாப்பத்து மூணா? அப்ப மீதி எங்க போச்சு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.

அதே வாரம் இன்னொரு கதை புறப்பட்டுவிட்டது. "அந்தக்கா ஜெபம் சொல்லியே எழுதுச்சு" என்றாள் சகாயம். உபதேசியார் அதை, "ஜெபம் சொன்ன வாய்க்கு மாதா விடை சொன்னாங்க" என்றார். கோயில் திருவிழா வருவதற்குள் என் விடைத்தாள் மேல் வெளிச்சம் விழுந்ததாகச் சேர்த்துவிட்டார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்தெல்லாம் தாய்மார்கள் பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து என் ஜெபமாலையில் தொட்டுவிட்டுப் போனார்கள்.

நான் மறுக்கவில்லை. மாதாவை மறுப்பது போலாகுமே என்று பயம். வேலை புதுசு, பொய் சொன்னது தெரிந்தால் என்னாகுமோ என்றும் பயம். இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

திருவிழாத் தேர் பார்க்க மாதக்காவும் வந்திருந்தார். எங்கள் தேருக்கு எல்லாரும் வருவார்கள். பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க மாதா வந்து சொல்லிக் குடுத்தாங்களாமே."

நான் தேர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப நாங்க மூணு மாசம் கத்துனது யாரு காதுல வுழுந்துச்சு மேரி?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டுவிட்டு எனக்கும் ஒரு கைப்பிடி பொரி கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயில் போட முடியவில்லை.

சொல்லியும் ஏறவில்லை

அந்த வாரமே பங்குச் சாமியாரிடம் போனேன். பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். கோயிலில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "தாராளமா சொல்லும்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எழுந்து நின்றேன். தோட்டம், சால், மாதக்கா, ரத்தினா, நான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. முடித்தபோது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியே வந்தால் உபதேசியார் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "என்ன தாழ்ச்சி பாத்தீங்களா. புண்ணியவதிங்க இப்படித்தான், வந்த பெருமைய அடுத்தவங்களுக்குக் குடுத்துருவாங்க."

அதோடும் நிற்கவில்லை. சில வருஷத்தில் கதை வேறு வழியில் போனது. மாதாவே தக்காளி பறிக்கிற கூலிக்காரி உருவத்தில் வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாராம். மாதம்மா என்ற பேரைப் பார், மாதா அம்மா என்று அதிலேயே இருக்கிறதே என்று ஒரு கிழவர் எனக்கே விளக்கம் சொன்னார். நான் சொன்ன உண்மையையும் அந்தக் கதை விழுங்கிவிட்டது. வாயால் சொல்வது நிற்காது, அச்சில் ஏற்ற வேண்டும் என்று அன்றே நினைத்தேன். நினைத்ததோடு சரி. இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

முந்தாநாள் இதை எழுதி முடித்து மாதக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண் மங்கிவிட்டது அவருக்கு. காது நன்றாகக் கேட்கிறது. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். தம்மை மாதாவாக்கிய இடம் வந்தபோது, "மாதாவுக்கு எப்படி இந்த முட்டிவலி வந்துச்சாம்?" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீ தப்பா சொன்னத எழுதியிருக்க. நான் பண்ண தப்ப எங்க காணோம்?"

"நீங்க என்னக்கா தப்பு பண்ணீங்க?"

"அந்த டிஸ்கஸ்ஸு. அதுக்கு ஒன்னுமே சேராது, ஒண்டியாத்தான் நிக்கும்னு ஏட்டுல இருக்குதுன்னு சொன்ன. நாந்தான், ஐயோ பாவம், எல்லாத்துக்கும் ஒரு தொணை இருக்குது இது மட்டும் ஒண்டியா நிக்குதேன்னு அதுக்கு அபவுட்டைக் கட்டி வெச்சேன். அப்பறம் எல்லாரும் அப்படியேதான் சொன்னோம். பரீச்சையில அதுதான் வந்துச்சுன்னு நீயே வந்து சொன்ன. மார்க் போச்சு."

உண்மைதான். நான் மறந்தே போயிருந்தேன்.

"அத எழுது. உங்க மாதா சொல்லிக் குடுத்திருந்தா அது தப்பாயிருக்குமா? அத எழுதுனாத்தான் நாங்க சொல்லிக் குடுத்ததுன்னு நம்புவாங்க. அப்பறம் இன்னொன்னு. உங்க மாதாவ எறக்கிட்டு அந்த எடத்துல என்னைய ஏத்தி வெக்காத. கூலிக்கு வந்தோம், வாய் சும்மா இருந்துச்சு, சொன்னோம்."

அங்கேயே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தேன். மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ம், சரியா இருக்குது" என்றார்.

தேவமாதா என் பக்கத்தில் இருந்தார் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் விடை சொல்லவில்லை. விடை சொன்னவர்கள் நாலு பெண்கள். மூன்று மாதம், தக்காளிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்கள். நான் அதைக் கேட்டு எழுதினேன். பரீட்சை அறையில் கேட்ட சாரிடம் பொய் சொன்னேன்.

வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கதையை எங்காவது வேறு விதமாகக் கேள்விப்பட்டிருந்தால், இதைச் சொல்லித் திருத்துங்கள். கேள்விப்படாதவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது இதில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள். மாதக்காவுக்காக ஒரு வரி கூட்டினால் அவர் கோபித்துக்கொள்வார். எனக்காக ஒரு வரி குறைத்தால் ஆண்டவர் என்னைத்தான் கேட்பார்.